பதினெட்டுப் புட்டா

என் ஆசை அக்கா சுகிர்தாவுக்கு, உன் வீட்டுக் காட்டேரி எழுதிக்கொள்வது.

முதலில் வீட்டுச் சேதியைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், "எடுத்ததும் விஷயத்துக்கு வந்துட்டியே, சாப்டீங்களான்னு ஒரு வார்த்த கேக்க மாட்டியாடி" என்று திட்டுவாய். எல்லாரும் சாப்பிட்டோம். உன் மகள் பெனிட்டா செய்யார் கம்பெனிக்கு ஷிப்ட் போய்வருகிறாள். கம்பெனி பஸ்ஸை உன்னைப் போலவே கடைசி நிமிடத்தில் ஓடிப்போய்த்தான் பிடிக்கிறாள். டிரைவர் இப்போது அவள் கேட்காமலேயே ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கிறாராம்.

தறியில் உன் வீட்டுக்காரர், அதான் மாமா, மாம்பழ நிறப் புடவை ஏற்றியிருக்கிறார், அரக்குக் கரை. புதுப் பாவு இழைகளைப் பழைய இழைகளோடு பிணைத்துத் தர, நீ உட்கார்ந்த இடத்தில் இப்போது தேசூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து உட்காருகிறார். முடிச்சு நன்றாகத்தான் போடுகிறார். ஆனால் வாயே திறப்பதில்லை. நீ ஆயிரம் இழை பிணைப்பதற்குள் ஆரணியின் கதை முழுவதையும் சொல்லி முடிப்பாய். அந்த அம்மாள் வந்துபோகும் நாட்களில் வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. நான் போனால்கூட நெடுநேரம் இருக்க முடிவதில்லை.

அடுத்த மாதம் உனக்கு முதலாம் ஆண்டு நினைவு ஆராதனை. சபையின் மாத இதழுக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி போதகர் கேட்டார். நல்ல மனைவி, நல்ல தாய், பாடகர் குழுவில் முன்வரிசை என்று எழுதினால் போதும் என்றார். அதை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். நான் எழுத வேண்டியது வேறு. உன்னிடம் மறைத்த ஒன்றை, உனக்குச் சொல்கிற சாக்கில் சபைக்கும் ஊருக்கும் சொல்லிவிடப் போகிறேன். படித்துவிட்டு யார் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளட்டும்.

உனக்கு அந்தப் பல் நினைவிருக்கிறதா அக்கா? வலதுபக்கக் கடைவாய்ப் பல். இழையைப் பல்லால் கடிக்காதே, கத்தரிக்கோல் எதற்கு இருக்கிறது என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். "கத்திரிக்கோல தேடி எடுக்கறதுக்குள்ள நாலு முடிச்சு போட்டுடுவேன்டி" என்பாய். பல் சொத்தையானதற்கும் இழைக்கும் சம்பந்தமில்லை என்று பல் டாக்டர் சொன்னார். நான் இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்ளவில்லை. பிடுங்கிவிடலாம், அதற்கு முன் ரத்தம் பார்த்து வா என்று அவர் சீட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டோடு நான் வேலை செய்யும் லேப்புக்கு வந்தாய்.

வந்தாயா, வாசலிலேயே ஆரம்பித்துவிட்டாய். "இன்னாடி காட்டேரி, பல்லு புடுங்கச் சொன்னா உங்க டாக்டரு பீடி எழுதிக் குடுத்துகிறாரு? எனக்குப் பழக்கமில்லன்னு சொல்லிடு." சீட்டில் இருந்தது பி.டி., சி.டி. குத்தின இடத்தில் ரத்தம் எவ்வளவு நேரத்தில் நிற்கிறது, எடுத்த ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்கும் இரண்டு சோதனைகள். வரிசையில் சர்க்கரை பார்க்க உட்கார்ந்திருந்த பெரியவர் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது.

உன் காதுமடலில் ஊசியால் குத்தினேன். "ஊர் ரத்தம் பத்தலன்னு அக்கா ரத்தமும் வேணுமா உனக்கு" என்றாய். குத்தின இடத்தில் ரத்தம் துளிர்க்கும். அதை வட்டமான வடிதாளால் அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றி எடுக்க வேண்டும். முதல் பொட்டு பெரிதாக விழும், பிறகு சிறுத்துக்கொண்டே வரும். தாளில் ஒன்றும் ஒட்டாதபோது கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். எட்டு, பத்து பொட்டுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும். உனக்கு நிற்கவில்லை. பன்னிரண்டு ஆயிற்று, பதினாலு ஆயிற்று. பதினெட்டாவது பொட்டோடுதான் நின்றது.

தாளின் ஓரத்தைச் சுற்றி வரிசையாக ஒற்றியிருந்தேன். நீ அதை எட்டிப் பார்த்தாய். "ஐயே, புட்டா மாதிரியே கீதுடி! பெருசுலேர்ந்து சிறுசா எறங்கிகினே போவுது பாரேன். தூக்கிப் போட்டுடாத. உங்க மாமாகிட்ட காட்டி ஒரு பொடவைல போடச் சொல்லணும்." புடவையின் உடலில் விட்டுவிட்டு நெய்யும் சின்னப் பூக்களைத்தானே நாம் புட்டா என்கிறோம். ரத்தப் பொட்டைப் பார்த்து அப்படிச் சொல்ல உன் ஒருத்தியால்தான் முடியும். விதிப்படி அந்தத் தாளை அழித்திருக்க வேண்டும். நீ சொன்னாய் என்பதற்காக அதைக் காயவிட்டு, ஒரு உறையில் போட்டுப் பதிவேட்டுக்குள் செருகி வைத்தேன்.

அன்றைக்கு இன்னொன்றும் பார்த்தேன். உன் மணிக்கட்டிலும் கழுத்தோரத்திலும் தடிப்பு தடிப்பாக எழும்பியிருந்தது. பேசிக்கொண்டே சொறிந்துகொண்டிருந்தாய்.

"இன்னாக்கா இது?"

"காணாக்கடிடி. காலைலேர்ந்து ஒரே பேஜாராக்கீது."

"தறிக்குழிப் பக்கம் ஏதாவது ஊர்ந்திருக்கும். கம்பளில தேச்சுக்கோ, போயிடும்."

லேப் கோட்டைப் போட்டுக்கொண்டு, கையில் ஊசியைப் பிடித்துக்கொண்டு நான் சொன்ன வைத்தியம் இது. நிற்காத ரத்தம் ஒரு பக்கம், தடிப்பு ஒரு பக்கம். இரண்டும் ஒரே நாளில், ஒரே உடம்பில். இரண்டையும் என் கண்ணால் பார்த்துவிட்டு, ஒன்றை ரிப்போர்ட்டில் எழுதினேன், இன்னொன்றைப் பூச்சியின் தலையில் போட்டேன்.

ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். "என்ன மாத்திரை போட்ட?" இந்தச் சோதனைக்கு முன் அதைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்று படிக்கும்போதே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். முன்பின் தெரியாதவர்களிடம் தவறாமல் கேட்பேன். உன்னிடம் கேட்கவில்லை. சொந்த அக்காவிடம் என்ன கேட்பது, இவளைப் பற்றி எனக்குத் தெரியாததா என்கிற எண்ணம். முந்தின நாளும் அன்று காலையும் நீ மெடிக்கலில் வாங்கின வலி மாத்திரை போட்டிருந்தாய் என்பதை, நீ போன பிறகு பெனிட்டா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பல் டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார். அதற்குள் வலி நின்றிருந்தது, மாத்திரையும் நின்றிருந்தது. மறுபடி குத்தினபோது ரத்தம் ஒழுங்காக நின்றது. தடிப்பும் இல்லை. போன வாரம் நான்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டேன் போல என்று எண்ணிக்கொண்டேன். நீயோ, "வலிதான் போச்சே, பல்லு பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டும்" என்று அதைப் பிடுங்காமலே விட்டுவிட்டாய்.

ஏழு மாதம் அது சும்மா இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஆராதனை முடிந்து வந்து கறிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறீர்கள். எலும்பைக் கடித்ததில் அந்தப் பல் மறுபடி கிளம்பிவிட்டது. தெருமுனை மெடிக்கல் மூடியிருந்தது. மாமாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலூரில் ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து, தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தம் கட்டாமல் இருக்கிற மாத்திரையை உன் கையால் பிரித்துக் கொடுப்பாய். அன்றைக்கும் கொடுத்தாய். அவர் அந்த அட்டையை உன்னிடமிருந்து வாங்கி, "இதுவும் ஒரு காலத்துல வலி மாத்திரைதானாம், டாக்டரே சொன்னாரு. சின்ன மாத்திரை, ஒண்ணு ரெண்டு பத்தாது" என்று நாலு மாத்திரையைப் பிரித்து உன் கையில் வைத்தார். டாக்டரிடம் அவர் கேட்டுக்கொண்டதும் தப்பில்லை, உன்னிடம் சொன்னதும் பொய்யில்லை. வலியில் துடிப்பவளுக்குக் கையில் இருந்ததைக் கொடுத்தார்.

அரைமணி நேரம்கூட ஆகவில்லை. உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்க ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா ஓடிவந்தார். "ஐயோ, காணாக்கடி! பெருசா ஏதோ கடிச்சிகீது, தேடுங்க" என்றார். எனக்கு போன் வந்து நான் ஸ்கூட்டியில் பறந்து வந்து சேர்ந்தபோது, வீடே குனிந்து தேடிக்கொண்டிருந்தது. மாமா தறிக்குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துக்கொண்டிருந்தார். பெனிட்டா பாயை உதறிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நானும் சேர்ந்து தேடினேன். பூரானா, தேளா என்று நூல் மூட்டைக்குப் பின்னால் எல்லாம் தட்டிப் பார்த்தேன்.

காணாக்கடி என்று பேர் வைத்தவர்கள் கடித்தது கண்ணுக்குத் தெரியவில்லை என்றுதான் சொன்னார்கள். கடித்தது என்று ஒன்று இல்லவே இல்லாமலும் இருக்கலாம் என்பது நமக்குத் தோன்றவே இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பி, இல்லாத பூச்சியை நான்கு பேர் தேடிக்கொண்டிருந்தோம். நீ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு மிளகு. விஷக்கடியா என்று பார்த்துவிடலாம் என்று கோமதி அக்கா நாலு மிளகை உன் வாயில் போட்டு மெல்லச் சொன்னார். காரம் தெரிந்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தம், நம் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

"காரமாக்குதா சுகிர்தா?"

"காரமாத்தான்... இருக்குது."

எங்களுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்கிறாய்! மாமா தறிக்குழியிலிருந்து, "தோத்திரம்" என்று சத்தமாகச் சொன்னார். நான் உன் தலையைத் தடவி, "ஒண்ணுமில்லக்கா, விஷமில்ல" என்றேன். உன் குரல் கம்மியிருந்தது என் காதில் விழுந்தது. மிளகுக் காரம் என்று நினைத்தேன். அது உன் தொண்டை வீங்கிக்கொண்டிருந்த சத்தம்.

கோமதி அக்காவைக் குறை சொல்லாதே. அவர் பள்ளிக்கூடமே போகாதவர், தெரிந்ததைச் செய்தார். தெரிந்தும் செய்யாதவள் ஒருத்தி அந்த வீட்டில் இருந்தாள், அவள்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரி நம் தெருவிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிடம். நாம் முக்கால் மணி நேரத்தைத் தேடியே தீர்த்தோம். உனக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்த பிறகுதான் ஆட்டோ வந்தது. வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்தாய். என்ன சொல்ல வந்தாய்?

ஆஸ்பத்திரியில் டூட்டியில் இருந்த பெண் டாக்டர், நம் பெனிட்டா வயதுதான் இருக்கும், உன்னைப் பார்த்த மறுநொடி தொடையில் ஊசி போட்டார். போட்டுக்கொண்டே திரும்பி எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "என்ன மாத்திரை போட்டாங்க?" என்பதுதான். மாமா சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து நீட்டினார். நாலு இடம் காலியாக இருந்தது. ஊசி உன்னை எட்டுவதற்குள் நீ போய்விட்டாய் அக்கா. அந்தப் பெண் அரைமணி நேரம் விடாமல் போராடினார்.

இரண்டு வாரம் கழித்து அவரைத் தேடிப்போனேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரிய வேண்டியிருந்தது. அவர் பொறுமையாகத் தாளில் படம் போட்டுக் காட்டினார். உனக்கும் சொல்கிறேன், கேள். உன் உடம்பைப் பற்றியது, உனக்குத் தெரிய வேண்டாமா?

நம் உடம்பில் ஒவ்வொரு செல்லின் மேலுறையிலும் கொஞ்சம் கொழுப்பு இருக்கிறதாம். எங்கேயாவது அடிபட்டால் உடம்பு அந்தக் கொழுப்பைப் பிரித்துத் தனக்கு வேண்டிய ரசாயனங்களைத் தானே செய்துகொள்கிறது. அதற்கு இரண்டு வழி. ஒரு வழியில் வலியையும் காய்ச்சலையும் கொண்டுவருகிற பொருள்கள் பிறக்கின்றன. ரத்தத்தில் ஓடும் தட்டணுக்களைக் காயத்துக்குக் கூப்பிட்டு ஒன்றோடொன்று ஒட்டவைத்து அடைப்பதும் அதே வழியில் பிறக்கிற ஒன்றுதான். இழை அறுந்த இடத்தில் நீ போடும் முடிச்சு மாதிரி என்று வைத்துக்கொள். இன்னொரு வழியில் பிறப்பவை மூச்சுக்குழாயைச் சுருக்குகிறவை, உடம்பை வீங்கவைக்கிறவை.

வலி மாத்திரை முதல் வழியை அடைத்துவிடுகிறது. அதனால்தான் வலி நிற்கிறது. அதனால்தான் மாமாவின் இதயக் குழாயில் ரத்தம் கட்டாமல் ஓடுகிறது. அதனால்தான் உன் காதில் பதினெட்டுப் பொட்டு. பெரும்பாலானவர்களுக்கு அதோடு சரி. சிலருக்கு மட்டும், செய்யார் ரோட்டில் பாலம் வேலை என்று தடுப்பு வைத்தால் லாரி பஸ் எல்லாம் பெரணமல்லூர் பக்கம் திரும்பிவிடுமே, அந்த மாதிரி எல்லாம் இரண்டாவது வழியில் போய் முட்டிக்கொள்கிறது. அந்த நேரத்தில் தோலிலும் தொண்டையிலும் இருக்கிற சில செல்கள் தங்களிடம் உள்ள ஹிஸ்டமினையும் கொட்டிவிடுகின்றன. தடிப்பு, அரிப்பு, வீக்கம், எல்லாம் அதுதான். வெளியிலிருந்து எந்த விஷமும் வரவில்லை. எல்லாம் உன் உடம்பு உனக்கு நல்லது என்று வைத்திருந்தவை.

"அப்ப அந்த ஊசி?" என்று கேட்டேன்.

"அட்ரினலின். அதுவும் உடம்புல சுரக்கறதுதாங்க. பயந்தா, ஓடினா தானா வரும். இந்த மாதிரி நேரத்துல உடம்பு சுரக்கறது பத்தாது, நாம சேத்துக் குடுக்கணும். ஆனா உடனே குடுக்கணும்."

அந்தப் பதினெட்டுப் பொட்டையும் தடிப்பையும் பற்றி அவரிடம் சொன்னேன். முதன்முதலாகச் சொன்னது அவரிடம்தான். அன்றைக்கே கண்டுபிடித்திருந்தால் நீ இருந்திருப்பாயா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேனாவை மூடி மூடித் திறந்தார். "ரத்தம் லேட்டா நிக்கறது அந்த மாத்திரை போட்ட யாருக்கும் நடக்கும். அதை வெச்சு மட்டும் ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா தடிப்பும் இருந்ததுன்னா, மாத்திரையைக் கேட்டிருக்கணும்" என்றார். எனக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இதையெல்லாம் தெரிந்துகொண்டு வந்து நான் வாயைத் திறந்தேனா? இல்லை. பத்து மாதம் மூடிக்கொண்டிருந்தேன். மாமா வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும், "என் கையாலதான் குடுத்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக் கொடுப்பேன். அந்தப் பாரத்தில் பாதி என்னுடையது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் ஒருவர் மேலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். இதுதான் நான் மறைத்தது அக்கா. கேட்காமல் விட்டதைவிட இதற்குத்தான் இப்போது வெட்கப்படுகிறேன்.

போன மாதம் பெனிட்டா லேப்புக்கு ஓடிவந்தாள். ஷிப்ட் முடிந்து கம்பெனி சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். கையில் தார் டப்பா. ஊடை நூல் சுற்றின தார்க் கட்டைகளைப் போட்டு வைப்பீர்களே, அந்தத் தகர டப்பா.

"சித்தி, இதைப் பாருங்க."

மேலே தார்க் கட்டைகள். அடியில் மாத்திரைகள், சின்னச் சின்ன வெள்ளை மாத்திரைகள், கைப்பிடி கைப்பிடியாக. மாதாமாதம் நான் வாங்கிக் கொடுத்தவை. பெனிட்டா எடுத்துக் கொடுக்க, வாயில் போடுகிற மாதிரி பாவனை செய்து, அவள் அந்தப் பக்கம் போனதும் டப்பாவில் போட்டிருக்கிறார். நீ போன நாளிலிருந்து ஒன்றுகூட அவர் வயிற்றுக்குள் போகவில்லை.

வேலூர் டாக்டருக்கு போன் செய்தோம். "இன்னிக்கே மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்க, உடனே கூட்டிட்டும் வாங்க" என்றார். ஸ்டென்ட் வைத்த இடத்தில் ரத்தம் கட்டினால் என்ன ஆகும் என்று அவர் எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நான் போய் மாமாவிடம் கெஞ்சினேன், சண்டை போட்டேன். "உங்க உடம்புக்கு ஒத்துக்கிற மாத்திரைங்க மாமா. வருஷக்கணக்கா போட்டுகினுதானே இருந்தீங்க" என்றேன். அவர் தறியை நிறுத்தவே இல்லை.

"உங்கக்காவைக் கொன்னத நான் வாயில வெக்க மாட்டேன். என்னிக்கு வருதோ அன்னிக்கு வரட்டும். என்கிட்ட இதைப் பேசாத ஜெயா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் மாத்திரையை மறந்தவர் இல்லை, தனக்குத்தானே தண்டனை கொடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தண்டனையில் பாதிக்கு உரியவளான நான் எதிரே நின்று புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறேன். பெனிட்டாவுக்கு அம்மா இல்லை. என் மௌனத்தால் அப்பாவும் இல்லாமல் போக வேண்டுமா?

மறுநாள் மதியம் பதிவேட்டிலிருந்து அந்த உறையை எடுத்துக்கொண்டு போனேன். தாளைத் தறிமேல், அவர் நெய்துகொண்டிருந்த மாம்பழ நிறத்தின் மேல் வைத்தேன். பொட்டெல்லாம் காய்ந்து காப்பிப்பொடி நிறத்துக்கு வந்திருந்தது.

"இன்னாது இது?"

"அக்கா ரத்தம் மாமா."

எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டுப் பொட்டு, தடிப்பு, நான் சொன்ன கம்பளி வைத்தியம், கேட்காத கேள்வி, பத்து மாத மௌனம். புட்டா என்று நீ சொன்னதையும் சொன்னேன். அவர் தாளைக் கையில் எடுத்தார். ஒவ்வொரு பொட்டாக விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பதினெட்டு வரைக்கும் போனார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையை நான் உனக்கு எழுத மாட்டேன்.

"எழுந்து போ" என்றார்.

தாள் அவரிடமே இருந்தது. நான்கு நாள் என்னோடு பேச்சில்லை. பெனிட்டாவிடம் கேட்டால், "அப்பா தறியிலயே உக்காந்துகினு கீறாரு சித்தி, ஆனா நெய்யல" என்றாள். மாத்திரை என்று கேட்டால் உதட்டைப் பிதுக்கினாள். நான் செய்தது சரியா, அவரிடம் மிச்சமிருந்த நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டேனா என்று தெரியாமல், வேலையில் இரண்டு பேருடைய ரிப்போர்ட்டை மாற்றி எழுதப்போய் நல்லவேளை கொடுப்பதற்குள் பார்த்துவிட்டேன்.

ஐந்தாம் நாள் மதியம், லேப்பில் கூட்டம் குறைந்த நேரம், வாசலில் மாமா. சட்டைகூட இஸ்திரி போட்டு வந்திருந்தார். நேராக வந்து என் எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்துக் காதைக் காட்டினார்.

"அவளுக்குப் பாத்தியே, அந்த புட்டா. எனக்கும் பாரு."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஊசியை எடுத்ததும் கை தானாக நின்றது. "என்ன மாத்திரை போட்டீங்க மாமா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் போடல. உனக்குத்தான் தெரியுமே."

குத்தினேன். அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றினேன். மாமா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது பொட்டு கடுகளவுதான் விழுந்தது. ஆறாவதில் தாள் வெள்ளையாகவே வந்தது.

மாமா தன் சட்டைப் பையிலிருந்து உன் தாளை எடுத்து, தன்னுடைய தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். உன்னுடையதில் பதினெட்டு, அவருடையதில் ஐந்து.

"ஜல்தியா நின்னுடுச்சே. நல்லதுதானே?"

"உங்களுக்கு நல்லதில்ல மாமா. உங்க ரத்தம் கொஞ்சம் மெதுவாத்தான் நிக்கணும். அக்கா மாதிரி."

அக்கா மாதிரி என்றதும் அவர் முகம் உடைந்துவிட்டது. அறுபதை நெருங்குகிற மனிதர், லேப்பில் எல்லார் முன்னாலும், வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நான் முதுகைத் தடவவில்லை. இந்தத் தடவை நானும் சேர்ந்து அழுதேன்.

வெகுநேரம் கழித்துக் கையை நீட்டினார். "குடு." மேஜை இழுப்பறையில் அவருக்கென்று வாங்கி வைத்திருந்த அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து வைத்தேன். தண்ணீர் கொண்டுவருவதற்குள் வாயில் போட்டு மென்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு மென்றார். எனக்கு என்ன தோன்றிற்றோ, வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"எப்டி இருக்குது மாமா?"

"கசக்குது."

நாக்குக்கு ருசி தெரிந்தால் நம் தெருக் கணக்கில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அந்தக் கணக்கை இனி நான் நம்பமாட்டேன். ஆனாலும் அந்த ஒரு சொல்லுக்கு மனசு தோத்திரம் சொன்னதை உன்னிடம் மறைக்க மாட்டேன்.

வேலூருக்குக் கூட்டிப்போய்க் காட்டிவிட்டோம். இப்போது தினமும் மதியம் அவர் லேப்புக்கு வந்து, என் எதிரில் போட்டுக்கொண்டு போகிறார். என்னோடு அதிகம் பேசுவதில்லை. மன்னித்துவிட்டாரா என்று தெரியாது, நான் கேட்கவுமில்லை. வருகிறார், அது போதும். பெனிட்டாவின் பர்ஸில் அவள் போடக்கூடாத மாத்திரைகளின் பேரை எழுதி வைத்திருக்கிறேன். உன் உடம்பின் குணம் அவளுக்கும் இருக்கிறதோ இல்லையோ என்று தெரியும்வரை டாக்டர் அப்படித்தான் இருக்கச் சொல்லியிருக்கிறார். கோமதி அக்காவிடம் விளக்கிச் சொன்னேன். போன வாரம் பின்தெருவில் ஒரு குழந்தைக்கு உதடு வீங்கினபோது, "தேடாதீங்க, தூக்குங்க" என்று கத்தி ஆட்டோவில் ஏற்றிவிட்டவர் அவர்தான். குழந்தை நன்றாக இருக்கிறது.

இந்த வாக்கை உனக்கு எல்லார் முன்பாகவும் கொடுக்கிறேன். இனி என் முன்னால் காதையோ கையையோ நீட்டுகிறவர் யாராக இருந்தாலும், உடன்பிறந்தவராகவே இருந்தாலும், கேட்காமல் குத்தமாட்டேன். உன்னிடம் மட்டும்தான் அது பாக்கி. அதையும் இங்கே கேட்டுவிடுகிறேன். ஸ்டூலில் உட்கார், தலையைச் சாய், சிரிக்காமல் பதில் சொல்.

அக்கா, என்ன மாத்திரை போட்ட?

இப்படிக்கு,
கேட்க மறந்த உன் தங்கை,
காட்டேரி ஜெயசீலி